ஈர விறகும் எரியாத குப்பையும்

ஐப்பசி மாதத்து அடைமழையில் விறகடுப்பு மூட்டிப் பார்த்தவர்களுக்கு, நாம் இன்று சொல்லப் புகும் விஷயத்தில் பாதி முன்பே தெரியும். அவர்கள் அதை ஊதாங்குழல் வழியாகக் கற்றார்கள். கண்ணில் நீர் வழியக் கற்றார்கள். கொல்லையில் நனைந்து கிடந்த சவுக்குக் கட்டையை அடுப்பில் செருகினால் அது முதலில் முனையில் நுரை கக்கும், பிறகு சீறும், பிறகு வீடு முழுதும் புகையை நிரப்பும். உலை மட்டும் கொதிக்காது. அந்தக் காலத்துப் பாட்டிமார் இதனால்தான் சித்திரை வெயிலிலேயே விறகை வாங்கிப் பிளந்து, காயவைத்து, பரண்மீது அடுக்கிவிடுவார்கள். எரிப்பு சாஸ்திரத்தின் முதல் அத்தியாயம் அந்தப் பரண்மீதுதான் இருந்தது. இப்போது நம் வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்து, ஊதாங்குழல் என்றால் என்னவென்று கேட்கும் குழந்தைகளும் வந்துவிட்டார்கள். ஆனால் அந்த முதல் அத்தியாயத்தை மறந்த பெரிய மனிதர்கள் பல கோடி ரூபாய் செலவில் அதையே மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

புகை என்பது என்ன? நெருப்பின் குழந்தை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது நெருப்புக்குத் தப்பியோடிய விறகு. இதை மெய்ப்பிக்க ஒரு மெழுகுவர்த்தி போதும். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்கேல் பாரடே குழந்தைகளை உட்காரவைத்து ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியே தொடர்ந்து பிரசங்கம் செய்தார். அவர் செய்து காட்டிய வேடிக்கைகளில் ஒன்றை நம் வகுப்புப் பிள்ளைகளும் ஆண்டுதோறும் செய்கிறார்கள். வர்த்தியை மெல்ல ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெண்புகை நூல்போல் எழும். அந்தப் புகையில், திரியைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே, தீக்குச்சியைக் காட்டினால் சுடர் புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரியக்கூடியது எதுவும் அதில் இல்லையென்றால் சுடர் எப்படி இறங்கும்?

விறகும் இப்படித்தான் எரிகிறது. கட்டை நேராக எரிவதில்லை. சூடு ஏற ஏற அது பலவித வாயுக்களை வெளிவிடுகிறது. அந்த வாயுக்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து எரிவதையே நாம் சுடர் என்கிறோம். அவை முற்றும் எரிந்து முடிய மூன்று வசதிகள் வேண்டும். போதிய உஷ்ணம் வேண்டும். அந்த உஷ்ணத்தில் தங்கியிருக்கப் போதிய நேரம் வேண்டும். காற்றோடு நன்றாகக் கலக்கவும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாயு பாதி வெந்த சோறாகிப் புகையும் கரியும் நஞ்சுமாக வெளியேறும். ஈரம் இந்த மூன்றில் தலையானதாகிய உஷ்ணத்திலேயே கை வைக்கிறது. கொதிநிலையில் இருக்கும் ஒரு கிராம் ஜலத்தை ஆவியாக்க மட்டும் சுமார் 540 கலோரி வேண்டும் என்பது பள்ளிப் புத்தகத்துப் பாடம். விறகு தன் சம்பாத்தியத்திலிருந்து முதலில் இந்தக் கடனை அடைத்த பிறகுதான் மற்றக் காரியத்தைப் பார்க்க முடியும்.

சென்ற கோடை விடுமுறையில், ஒரு வார காலம், நம் வீட்டுச் சமையற்கட்டுக் குப்பையை நிறுத்துப் பார்த்தோம். (ஆசிரியர் தொழிலில் இருப்பவர்களுக்கு விடுமுறையிலும் கை சும்மா இருப்பதில்லை, வீட்டிலுள்ளோர் இதற்குப் பழகிவிட்டார்கள்.) வாழைப்பழத் தோல், பூசணிக் குடல், கீரைத் தண்டு, புளிச்சக்கை, மிஞ்சிய சோறு, காபித்தூள் மண்டி எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ எடுத்து மொட்டை மாடியில் காயவைத்ததில், நான்காம் நாள் தராசில் 300 கிராமுக்கும் கொஞ்சம் குறைவாகவே நின்றது. அதாவது ஏழு பங்கு ஜலம். மூன்று பங்கு பொருள். இந்த 300 கிராம் உலர்ந்த பொருள் எரிந்தால் தாராளமாகக் கணக்கிட்டாலும் சுமார் 1,200 கிலோ கலோரி கிடைக்கும். உடனிருந்த 700 கிராம் ஜலத்தைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கே 420 கிலோ கலோரிக்கு மேல் போய்விடும். மிச்சமிருப்பது கிலோவுக்கு 800-க்கும் குறைவு. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலைகளுக்கு கிலோவுக்குச் சுமார் 1,430 கிலோ கலோரியாவது இருக்கவேண்டும், அதுவும் மழைக்காலம் வெயிற்காலம் என்று பாராமல் எப்போதும் இருக்கவேண்டும் என்பது உலக வங்கி 1999-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலின் கணக்கு. நம் வாழைப்பழத் தோல் பரீட்சையில் பாதி மார்க்குதான் வாங்குகிறது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சரித்திரத்தைப் பார்த்தால் சில வேடிக்கைகள் விளங்கும்.

குப்பையை எரிக்கும் பெரிய உலை முதன்முதல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் 1874-ல் ஏற்பட்டது. 1897-ல் லண்டனைச் சேர்ந்த ஷோர்டிச் பேட்டையார் ஒரு படி மேலே சென்று, குப்பையை எரித்த நெருப்பில் நீராவி உண்டாக்கி, அதைக்கொண்டு மின்சாரமும் எடுத்தார்கள். திறப்பு விழாவுக்குக் கெல்வின் பிரபுவே வந்திருந்தார். புழுதியிலிருந்து ஒளியும் சக்தியும் என்று பொருள்படும் லத்தீன் வாக்கியத்தைக் கட்டடத்தின் முகப்பில் பொறித்தார்கள். அந்தக் குப்பை எப்படி எரிந்தது என்று கேட்டால், அதில் எரிவதற்குப் பொருள் இருந்தது. லண்டன் வீடுகளில் அந்நாளில் எல்லாம் நிலக்கரி அடுப்பு. குப்பைத் தொட்டியில் விழுந்ததில் பெரும்பங்கு பாதி எரிந்த நிலக்கரித் துண்டும் சாம்பலும். ஷோர்டிச்சார் எரித்தது குப்பை என்ற பெயரில் வந்த நிலக்கரியை என்று சொன்னால் அவ்வளவு பிசகாகாது.

சுமார் தொண்ணூறு ஆண்டு கழித்து இந்தப் பாடம் டில்லிக்கு வந்தது. 1987-ல் திமார்பூரில், டென்மார்க் தேசத்துக் கம்பெனி ஒன்றின் யந்திரங்களைக்கொண்டு ஓர் எரியுலை நிறுவினார்கள். நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். குப்பை கிலோவுக்கு 1,460 கிலோ கலோரி தரும் என்று எதிர்பார்த்து உலையைக் கட்டினார்கள். வந்த குப்பையோ 600, 700 தாண்டவில்லை. கறிகாய்க் கழிவும், தெருப்புழுதியும், ஈரமும்தான் அதில் அதிகம். காகிதத்தையும் கந்தலையும் பிளாஸ்டிக்கையும் குப்பை பொறுக்கும் ஏழைகள் முன்பே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். உலை சில வாரங்களுக்கு மேல் ஓடவில்லை. யந்திரத்தில் குற்றமில்லை. அதே டென்மார்க்கின் தலைநகரில் 2017 முதல் அமாகர் பாக்கே என்ற எரியுலை ஊருக்குச் சூடும் மின்சாரமும் தருகிறது. அதன் சரிந்த கூரைமீது 2019 முதல் ஜனங்கள் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். அந்நாட்டில் உலைகளுக்கு வேண்டிய அளவு குப்பை கிடைக்காமல் அயல்நாட்டுக் குப்பையைக்கூட வாங்கி எரித்திருக்கிறார்கள். டென்மார்க்கில் எரியும் உலை டில்லியில் அணைந்ததற்குக் காரணம் உலைக்குள் இல்லை. உலை வாசலில் வந்து நின்ற வண்டிக்குள் இருந்தது.

உலையைப் படைப்பவர் மனத்தில் ஓர் எரிபொருள் இருக்கிறது. உலைக்கு வந்து சேருவது வேறொன்று. நெருப்பு சுத்தமாக எரிவதும் எரியாததும் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது என்பதே இந்தத் துறையின் ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க நமக்குப் படுவது. இது பெரிய உலைக்கு மட்டும் ஏற்பட்ட விதியன்று. அடுப்புக்கும் அதுவே.

பெங்களூரில் டாடாவின் கொடையால் 1909-ல் எழுந்த இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில், 1974-ல் பேராசிரியர் அமுல்ய ரெட்டி கிராமங்களுக்கான தொழில்நுட்பத்தை ஆராய ‘அஸ்திரா’ என்ற பிரிவைத் தொடங்கினார். குறைந்த விறகில், புகை வீட்டுக்குள் வராமல், மூன்று பாத்திரம் ஏற்றக்கூடிய அடுப்பு ஒன்று அங்கே உருவாயிற்று. அதே ஸ்தாபனத்தில் ராக்கெட்டுகளின் எரிப்பை ஆராய்ந்துவந்த பேராசிரியர் முகுந்தா, விறகை வாயுவாக்கும் கலன்களின் பக்கம் திரும்பினார். ராக்கெட்டிலிருந்து விறகுக்கு வந்தது இறக்கமா ஏற்றமா என்று கேட்பவர்களுக்கு, இரண்டிலும் கேள்வி ஒன்றுதான் என்பது நம் பதில்: வாயுவும் காற்றும் எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் சந்திக்கின்றன?

விறகை வாயுவாக்குவது நம் நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய கரிவாயு பஸ்ஸை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பின்னால் ஒரு பீப்பாயைச் சுமந்துகொண்டு, மேட்டில் பிரயாணிகளை இறங்கித் தள்ளச் சொல்லும் அந்த வாகனத்தில் இருந்த தத்துவத்தைத்தான் சிறு அடுப்புக்குள் அடக்கினார்கள். கீழே கொஞ்சம் காற்று விட்டு விறகுத் துணுக்குகளை வாயுவாக்கி, மேலே வேறு காற்று விட்டு அந்த வாயுவை எரிப்பது. காற்றை அளந்து தள்ள ஒரு சிறு விசிறி. இந்த அடுப்பில் சுடர் நீலத்தை நெருங்கி எரியும். புகை மிகக் குறைவு. 2006 முதல் ‘ஊர்ஜா’ என்ற பெயரில் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் ஆதரவோடு இது கடைக்கு வந்து, சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன.

பிறகு? அடுப்பில் குறையில்லை. ஆனால் அது எந்த விறகையும் தின்னாது. விவசாயக் கழிவை உலர்த்தி, அரைத்து, அழுத்தி உருட்டிய வில்லைகள்தான் அதன் ஆகாரம். அந்தக் கழிவை விலை கொடுத்து வாங்க ஆலைகள் போட்டிக்கு வந்தன. வில்லையின் விலை ஏறியது. வீட்டுப் பெண்கள் அடுப்பை மூலையில் வைத்துவிட்டுப் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். எரிப்பு சாஸ்திரம் ஜயித்தது, வில்லை கிடைக்கவில்லை.

எரிவாயு அடுப்பு ஏன் தோற்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். அதன் எரிபொருளை உலர்த்துவதும் பிரிப்பதும் வீட்டுக்காரியின் தலையில் விழவில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அதை முன்பே செய்து சிலிண்டரில் அடைத்து அனுப்பிவிடுகிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்ற நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக்கொண்டு 2018-ல் தொடங்கிய ஒரு பரிசோதனையில் நம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிலையத்தாரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பங்கெடுத்தார்கள். விறகடுப்போடு இருந்த ஸ்திரீகள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சராசரி 103 மைக்ரோகிராம் நுண்துகள். இலவச எரிவாயு பெற்றவர்களுக்கு 35. இவ்வளவு குறைந்தும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை என்று 2022-ல் அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். விரும்பிய விடை வராதபோதும் வந்த விடையை அச்சிடுகிறவர்களிடம் நமக்கு நம்பிக்கை பிறக்கிறது.

இனிக் குப்பைக்கே திரும்புவோம்.

ஈரக் குப்பை எரியாமற் போனால் நஷ்டம் பணத்தோடு நிற்குமானால் நாம் இவ்வளவு விஸ்தாரமாக எழுதவேண்டியதில்லை. அரைகுறையாக எரிந்தால் என்ன வருகிறது என்பதுதான் கவலை. குப்பையில் பி.வி.சி. பிளாஸ்டிக்கும் உப்புமாகக் குளோரின் நிறைய உண்டு. சரியாக எரியாத கரியும் குளோரினும் சேர்ந்தால் டையாக்ஸின் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த விஷங்கள் உண்டாகின்றன. 1976-ல் இத்தாலியில் செவேஸோ ஊரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து வெளிப்பட்டு ஆடுமாடுகளைக் கொன்று மக்களை ஊரைவிட்டு ஓட்டியது இந்தக் குடும்பத்தின் தலைமகன்தான். கொழுப்பில் தங்கி, உடம்பைவிட்டுப் போகப் பல ஆண்டு பிடிக்கும் நஞ்சு அது. ஆகவே ஐரோப்பாவில் சட்டமே போட்டிருக்கிறார்கள்: உலையில் எழும் வாயு 850 டிகிரி உஷ்ணத்தில் குறைந்தது 2 விநாடி தங்கவேண்டும். நாம் மேலே சொன்ன உஷ்ணம், நேரம் என்ற இரண்டு வசதிகளும் சட்டப் புத்தகத்தில் ஏறியிருப்பதைக் கவனியுங்கள். இதோடும் முடியவில்லை. வெளியேறும் வாயு ஆறும்போது, சுமார் 450 டிகிரிக்கும் 200 டிகிரிக்கும் இடையில், சாம்பலிலுள்ள செம்பு முதலியவற்றின் துணைகொண்டு அதே நஞ்சு மறுபடி பிறக்கும். அதனால் வாயுவை விரைந்து குளிர்விக்க வேண்டும்; கரித்தூள் தூவி நஞ்சை உறிஞ்சவேண்டும்; துணிப்பைகளில் வடிகட்டவேண்டும். இவை யாவும் சாத்தியம்; பல நாடுகளில் நடக்கிறது. ஆனால் ஒரு நாள் செய்தாற் போதாது. ஒவ்வொரு நாளும், இரவு இரண்டு மணிக்கும், யாரும் பார்க்காதபோதும் செய்யவேண்டும். ஈரக் குப்பை வந்து விழும் உலையில் 850 டிகிரியைக் காப்பது, நனைந்த சவுக்கில் பாயசம் கிண்டுவதைப்போலத்தான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. உலைக்கு உகந்த உலர்ந்த சரக்கு எது என்று பார்த்தால் காகிதம், அட்டை, பிளாஸ்டிக். பழைய பேப்பர்க்காரர் காசு கொடுத்து வாங்குவதும் அதுவே. மறுபடி காகிதமாகவும் பிளாஸ்டிக்காகவும் ஆகக்கூடியதை எரித்தால் ஒருமுறை சூடு, அவ்வளவுதான். 2016-ஆம் வருஷத்துக் குப்பை மேலாண்மை விதிகளிலும் மறுபயனுக்கு உதவாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்குக் குறையாத சரக்கையே எரிசக்திக்கு அனுப்பும்படி எழுதியிருந்தார்கள். நம் குப்பையில் இந்த இலக்கணத்துக்கு அகப்படுவது சிறு பங்கு.

அப்படியானால் அந்த ஏழு பங்கு ஜலத்தோடு கூடிய பெரும்பங்கை என்ன செய்வது? எரியாதது அழுகும். அழுகுவதும் ஒருவகை அடுப்புதான்; அதில் சுடர் பிறகு வருகிறது.

1776-ல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா மாஜியோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். நாம் இன்று மீதேன் என்று சொல்லும் வாயு அது. காற்றுப் புகாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் கொழுப்பையும் படிப்படியாகச் சிதைத்து முதலில் அமிலமாக்குகின்றன. வேறொரு கூட்டத்து நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தை உண்டு மீதேனை விடுகின்றன. இவற்றுக்கு ஜலம் எதிரியல்ல. ஜலம் இல்லாமல் அவை வாழா. சுமார் 35 டிகிரி உஷ்ணம் அவற்றுக்கு இதம். வடதேசத்தார் இதற்காகக் கலனைச் சூடாக்கச் செலவிடுகிறார்கள். நமக்குச் சூரிய பகவான் தர்மமாகவே செய்கிறார்.

1895-ல் இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்துச் சாக்கடைத் தொட்டியின் வாயுவில் விளக்கு எரிந்தது. 1897-லேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தின் கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். 1939-ல் டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் மாட்டுச் சாணத்திலிருந்து வாயு எடுக்கும் முறையை ஆராய்ந்தார். யுத்தம் முடிந்து சுதந்திரமும் வந்தபின் ஜஷ்பாய் படேல் அதற்கு மிதக்கும் இரும்பு மூடி அமைத்துக் குடியானவன் கைக்கு எட்டும்படி செய்தார். காதி கிராமத் தொழில் கமிஷனார் 1960-களில் அதை நாடெங்கும் கொண்டுசென்றார்கள். இதன் பெருமை வாயுவில் மட்டும் இல்லை. வறட்டியாகத் தட்டி எரித்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனில் இட்டால் வாயுவும் கிடைக்கும், மிஞ்சும் கரைசலில் தழைச்சத்தும் வயலுக்குத் திரும்பும். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, அமெரிக்காவில் பொருளாதாரம் கற்று, வார்தாவில் காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய குமரப்பா, பூமியிடம் வாங்கியதைப் பூமிக்குத் திருப்பாத வாழ்வு நிலைக்காது என்று சிறையிலிருந்தே ஒரு புத்தகம் எழுதி, அது 1945-ல் வெளியாயிற்று. கலனிலிருந்து வழியும் அந்தக் கரைசல் அவர் சொன்னதற்குச் சாட்சி.

சாணத்தையே நினைத்துக்கொண்டிருந்த இந்தத் துறையில் புனாவைச் சேர்ந்த டாக்டர் ஆனந்த் கார்வே எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டார். சாணம் என்பது மாடு தனக்கு வேண்டிய சத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு தள்ளிய மிச்சம்; நுண்ணுயிருக்கு அந்த மிச்சத்தைப் போடுவானேன், சோற்றையே போட்டால் என்ன? பழைய சோறும், அழுகிய பழமும், கஞ்சியும் போட்டுப் பார்த்தார். சாணத்துக்கு வாரக்கணக்கில் ஆன காரியம் ஓரிரு நாளில் நடந்தது. கலனும் மிகச் சிறிதாகப் போதுமாயிற்று. அவருடைய ஸ்தாபனத்துக்கு 2006-ல் இங்கிலாந்தின் ஆஷ்டன் பரிசு கிடைத்தது. ஒரு டன் சமையற்கட்டுக் கழிவிலிருந்து சுமார் 100 கன மீட்டர் வாயு எடுக்கலாம். அது ஏறக்குறைய மூன்று வீட்டுச் சிலிண்டர்களுக்கு ஈடு.

இந்தக் கலனுக்கும் வயிற்று உபாதை உண்டு. ஒரே நாளில் அளவுக்கு மீறிச் சோற்றைக் கொட்டினால் அமிலம் உண்டாக்கும் கூட்டம் மளமளவென்று வேலை செய்யும். மீதேன் கூட்டம் பின்தங்கும். கலன் முழுவதும், கோடையில் மூன்று நாள் மறந்துவிட்ட தோசை மாவைப்போலப் புளித்துப்போகும். பிறகு வாயு வராது. பிளாஸ்டிக் பையும், கண்ணாடித் துண்டும், மண்ணும் உள்ளே போனாலோ குழாய் அடைத்துக்கொள்ளும். ஆக, அழுகும் அடுப்பும் தனக்கென்று ஓர் எரிபொருளைக் கேட்கத்தான் செய்கிறது: ஈரமாக இருக்கட்டும், ஆனால் கலப்படமாக வேண்டாம் என்கிறது.

சென்னை கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தையில் 2005-வாக்கில் நாளுக்கு 30 டன் கழிவைச் செரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றை அமைத்து நடத்திக் காட்டினார்கள். அதை மேற்பார்த்தவர்கள் அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார். தோலுக்கும் முட்டைக்கோசுக்கும் என்ன உறவு என்று கேட்கவேண்டாம், தோல் பதனிடும் கழிவோடு பழகியவர்களுக்கு எந்தக் கழிவும் அந்நியமில்லை. சந்தைக் குப்பைக்கு ஒரு தனிச் சௌகரியம்: அதைப் பிரிக்க வேண்டியதில்லை, அது காய்கறியாகவே பிறந்து காய்கறியாகவே வருகிறது. வீட்டுக் குப்பையில் இந்தச் சௌகரியத்தை உண்டாக்கிக்கொண்ட ஊர் இந்தூர். அங்கே வீட்டு வாசலிலேயே ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் தனித்தனியே வாங்குகிறார்கள். வண்டியிலும் தனித்தனி அறை. 2022 பிப்ரவரியில் திறந்த அவ்வூர் நிலையம் நாளுக்கு 550 டன் ஈரக் கழிவை ஏற்று 17,000 கிலோ வாயு தரும் அளவில் கட்டப்பட்டது. அந்த வாயுவில் நகர பஸ்களும் ஓடுகின்றன. திமார்பூருக்கும் இந்தூருக்கும் நடுவே நாம் காணும் பெரிய வித்தியாசம் யந்திரத்தில் இல்லை. அந்த அறை பிரித்த வண்டியில்தான்.

சென்னையின் நிலைமை எல்லோரும் அறிந்தது. பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. குப்பைமேட்டின் அடியில், காற்றில்லாத இடத்தில், வோல்டா பிடித்த அதே வாயு பிடிப்பாரின்றி ஊறிக்கொண்டிருக்கிறது. பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு. வடக்கே கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கு மேற்பட்ட மேடு. அங்கே பெரிய எரியுலை ஒன்று வைக்கும் யோசனையை எதிர்த்து 2025-ல் வடசென்னை ஜனங்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்றார்கள். ஆலைப்புகையை ஏற்கெனவே மூன்று தலைமுறையாக உண்டவர்கள் அவர்கள். இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்பதை அறியாமை என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. நல்ல யந்திரம் என்ற வாக்குறுதியைக் கேட்டுப் பயனில்லை; எந்தக் குப்பை வரப்போகிறது, அதில் ஈரம் எத்தனை, அதை யார் எங்கே பிரிக்கப்போகிறார்கள், புகைபோக்கியின் அளவுகளை நாள்தோறும் ஜனங்களுக்குக் காட்டுவார்களா என்ற கேள்விகளுக்கு விடை கேட்கவேண்டும். கூட்டத்தில் எழுந்து நின்று இவற்றைக் கேட்க எரிப்பு சாஸ்திரத்தில் பட்டம் வேண்டாம். ஐப்பசி மாதத்தில் அடுப்பு மூட்டிய அனுபவம் போதும்.

நாம் வசிப்பது சென்னையில் அன்று. ஒரு சிறு நகரத்தில். அதன் பெயரைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. நம் வீட்டில் சில காலமாக இரண்டு தொட்டி. வாழைப்பழத் தோல் ஒன்றில். காகிதமும் பிளாஸ்டிக்கும் மற்றொன்றில். சென்ற மாதம் ஒரு நாள் காலையில் குப்பை வண்டி வந்தபோது வாசலிலேயே நின்று பார்த்தோம். வண்டிக்கார அம்மாள் முதல் தொட்டியை வண்டியில் கவிழ்த்தாள். அதன் மேலேயே இரண்டாவது தொட்டியையும் கவிழ்த்தாள்.

“ஏனம்மா, பிரித்து வைத்ததை இப்படிச் சேர்த்துவிட்டாயே?” என்றோம்.

அவள் தலைமுண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வாத்தியாரய்யா, நீங்க ரெண்டு தொட்டி வெச்சிருக்கீங்க. எனக்கு வண்டியில ஒரே பெட்டிதானே குடுத்திருக்காங்க?”

நகரசபைக்கு மனு ஒன்று எழுதி, அவளிடமும் வாசித்துக் காட்டி, தெருவில் பதினெட்டு வீட்டாரின் கையொப்பத்தோடு அனுப்பியிருக்கிறோம். வண்டியில் நடுவே ஒரு தகரத் தடுப்பு வைக்கவேண்டும் என்பதுதான் கோரிக்கை. தடுப்புக்கு ஆகும் செலவை ஊர்த் தகரக் கடையில் விசாரித்து அதையும் மனுவிலேயே எழுதிவிட்டோம். பதில் வந்தால் இந்தப் பகுதியிலேயே தெரிவிப்போம்.